அடிச்சத்தம்: குறைந்தபட்சம் முப்பது

பொட்டல்நகரில் வீடுகளைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது அஸ்திவாரம் அல்ல, அடிச்சத்தம். அஸ்திவாரம் சுவர் விரியாமல் இருக்க. பாட்டுக் கேட்கிறவர்கள் பேஸ் என்று சொல்வார்களே, காதைவிட நெஞ்சில் அதிகமாகக் கேட்கிற அந்தக் கனத்த சத்தம், அது ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். முப்பது புள்ளிக்குக் குறைந்தால் வீடு மேலே போய்விடும். ரொம்பப் போகாது. பன்னிரண்டு அடி, மிஞ்சினால் பதினைந்து. போன வீடு அங்கேயே நிற்கும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தால் வயரை நீட்டித் தருவார்கள். ஏணி அவரவர் பொறுப்பு.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பேரூராட்சியிலிருந்து ஆய்வாளர் வந்து, தரையில் மைக்கை வைத்து, ஹெட்போனில் கேட்டு, பதிவேட்டில் ‘தரை’ என்றோ ‘மேல்’ என்றோ எழுதிவிட்டுப் போவார். எழுதும்வரை வீடு கொஞ்சம் அப்படி இப்படி அசையலாம். எழுதிய பிறகு அடுத்த ஆய்வு மாதம் வரை எழுதியபடிதான் நடந்துகொள்ளும். எந்த வகை ஹெட்போனில் கேட்பது என்பதை மட்டும் வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்னதாகப் படிவம் ஆறில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டைனமிக் அல்லது பிளானர். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. ஒரு வீட்டுக்கு ஒரு படிவம்தான்.

இந்தப் படிவம் மூன்றாம் தெரு பிரமநாயகத்தைத் தூங்கவிடவில்லை.

பிரமநாயகம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை. பொதுவாகவே அவருக்குப் பயம் அதிகம். காலையில் வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போவார். கேஸை மூடினோமா என்று நினைவு வரும். திரும்பி வந்து பார்த்துவிட்டு மறுபடி போவார். தெருக்காரர்கள் அவர் முதல் தடவை போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாம் தடவை போகும்போதுதான் மணி எட்டரை என்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள்.

ஆனால் இந்தப் பயம் அந்த மாதிரிப் பயம் அல்ல. அவர் மனைவி செண்பகவல்லிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வாசலில் இருக்கிற இரண்டு படியையே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். எதிர்ச்சாரியில் இருக்கிற அங்கன்வாடியில் அவளுக்கு வேலை. தெருவைக் குறுக்கே கடக்கக் கால் மணி நேரம் ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை. வீடு மேலே போனால் அவளால் ஏணி இறங்க முடியாது. இறங்க முடியாதவர்கள் இறங்குவதில்லை. அதற்குப் பக்கத்து வீட்டுக் குருவம்மாளே சாட்சி. அந்த வீடு மேலே போய் ஆறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் ஏணியில் வந்து போனார். பிறகு கயிற்றில் கூடை கட்டி இறக்கிக் காய்கறி வாங்கத் தொடங்கினார். மகள் கல்யாண ஊர்வலத்தைத் தெரு வழியாகத் திருப்பிவிடச் சொல்லி ஜன்னலில் இருந்தபடியே அட்சதை போட்டார்.

செண்பகவல்லி தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு அண்ணாந்து அவரோடு பேசுவாள்.

“அங்கன காத்து எப்படிக்கா இருக்கு?”

“அதையேன் கேக்க. நல்லாத்தான் இருக்கு.”

உள்ளே இருந்து இதைக் கேட்கும் பிரமநாயகத்துக்கு, இப்படி அண்ணாந்து பேசிப் பேசி இவளுக்குக் கழுத்தும் பிடித்துக்கொள்ளுமே என்று கவலையாக இருக்கும்.

ஆய்வு மாதத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மதார் பாய் கடையில் கூட்டம் அலைமோதும். இரண்டு வகை ஹெட்போனையும் தரையில் ஒட்டுகிற மைக்கோடு இரண்டு நாள் இரவல் கொடுப்பார். வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்து, எது தோது என்று முடிவு பண்ணலாம். பிரமநாயகம் போனபோது மதார் பாய் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கோயில் கொடை விழாவில் பதிவு செய்த உறுமி மேளத்தைப் போட்டுக் காட்டினார்.

“மொதல்ல டைனமிக். உள்ள கூம்பு மாதிரி ஒண்ணு இருக்கு, பின்னால காந்தம். கூம்பு முன்னயும் பின்னயும் போய்க் காத்தத் தள்ளும். கேளுங்க.”

பிரமநாயகத்தின் நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் தட்டியது போல் இருந்தது. “நல்லா இருக்கே பாய்,” என்றார்.

“நல்லாத்தான் இருக்கும். இது கொஞ்சம் கூட்டிச் சொல்லும். இருக்கிறது இருபதுன்னா இருபத்தஞ்சுங்கும். ஆனா ரொம்ப அடியில என்ன இருக்குன்னு இதுக்குத் தெரியாது. அதுக்குக் கீழ கேட்டா வாயில வந்ததச் சொல்லும். இப்ப பிளானர். கூம்பு கிடையாது, ரெண்டு பக்கமும் காந்தம், நடுவுல மெல்லிசா ஒரு தாளு. மொத்தத் தாளும் ஒண்ணா அசையும். கேளுங்க.”

அதே உறுமிதான். ஆனால் தட்டு இல்லை. குச்சி தோலைத் தேய்ப்பதும், தேய்த்த பிறகு தோல் நடுங்குவதும், நடுக்கம் அடங்கி மண்ணுக்குள் போவதும் தனித்தனியாகக் கேட்டன. நெஞ்சில் ஒன்றும் விழவில்லை. பிரமநாயகத்துக்கு ஏமாற்றமாக இருந்தது.

“குத்து இல்லையே பாய்.”

“குத்து இருக்காது. ஆனா கடைசி வரைக்கும் போகும். ஒரே சீரா. இருக்கிறத இருக்குன்னும், இல்லாதத இல்லன்னும் சொல்லும்.”

“அப்ப எதத்தான் எழுதிக் குடுக்க?”

“உங்க வீட்டுச் சத்தம் எங்க இருக்குன்னு பாருங்க. மேலாப்புல இருந்தா டைனமிக். அடியில இருந்தா பிளானர். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் மாட்டணும். கண்ணாடிக் காலு இடுக்குல பேஸெல்லாம் ஒழுகிப் போயிரும்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் செண்பகவல்லி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பிரமநாயகம் மின்விசிறியை நிறுத்தினார். பிரிட்ஜை நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். கூடத்தின் நடுவே மைக்கை ஒட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினால், வயரோடு வந்த சின்னப் பெட்டியில் அளவு காட்டும் முள் தெரியவில்லை, முள் தெரியாவிட்டால் எதை நம்புவது. ஆகவே கண்ணாடியோடே மாட்டிக்கொண்டார்.

டைனமிக்கில் வீடு இடித்தது. தும், தும் என்று நல்ல கனமான சத்தம். முள் முப்பத்தைந்தில் நின்றது. அவருக்குப் பெரிய நிம்மதி. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். முள் இருபத்தெட்டுக்கு இறங்கியது. பதறிப் போய் நிமிர்ந்தார். முப்பத்தாறு. டைம் கீப்பர் அல்லவா, எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டார். ‘12.10 நல்ல சத்தம். 12.14 குறைவு. 12.15 பயம். 12.16 நல்ல சத்தம்.’ எழுதியதைத் திரும்பப் படித்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கரண்டு ஏற்ற இறக்கமாக இருக்கும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பிளானரில் அதே தும் தும் சின்னதாக, சுத்தமாகக் கேட்டது. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. பெரிய கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு ஆள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரியைத் திரும்பப் போட்டார்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தென்காசி வண்டி கண்டக்டர், “பிளானர்தான் அண்ணாச்சி, உண்மைய மறைக்கலாமா?” என்றார். அவருக்கு வாடகை வீடு. டீக்கடைக்காரர் டைனமிக் என்றார். அவர் வீடு டைனமிக்கில் தேறியிருந்தது. டைனமிக்கில் தேறாமல் மேலே போன வீடுகள் எத்தனை, பிளானரில் போனவை எத்தனை என்று பிரமநாயகம் விசாரித்துப் பார்த்தார். சரி பாதி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு படிவத்தில் ‘டைனமிக்’ என்று எழுதி, பேரூராட்சி ஆபீஸில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் பிளானர் என்று எழுதியிருக்கலாமோ என்று தோன்ற, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். திரும்ப வாங்க முடியாது.

அந்த ஏழு நாளும் அவர் தெருமுனையிலிருந்து மூன்று மூன்று தடவை திரும்பி வந்தார். ஏணியில் செண்பகவல்லி பாதியில் நின்றுகொண்டு மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் தவிப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. அவளோ வழக்கம்போல, அவர் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து, “பின் கதவத் தாப்பா போட்டீயளா?” என்பாள். அவர் எழுந்து போய்ப் பார்ப்பார். போட்டுத்தான் இருக்கும். உட்கார்ந்ததும், “மோட்டார நிப்பாட்டியாச்சா?” என்பாள். நல்ல மனுஷி, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இவளுக்கு இரக்கமே இல்லையே என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஆய்வு நாள் வந்தது. பதினோரு மணிக்கு ஆய்வாளர் வருவார். பிரமநாயகத்துக்குக் காலையிலிருந்து உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. ஒரு அரசாங்க அதிகாரி முன்னால் இப்படி நடுங்கிக்கொண்டு நின்றால் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார் என்று, மருந்துக்கடையில் போய் விஷயத்தைச் சொன்னார். மனசு லேசாவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பத்தரைக்கு வெந்நீரில் போட்டுக்கொண்டார். பொட்டல்நகரில் ஆய்வு அன்றைக்குப் பிரிட்ஜை நிறுத்தாதவர்கள் இருக்கிறார்கள், கோலம் போடாதவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான். செண்பகவல்லிக்குத் தெரியாது. அவள் அடுப்படியில் ஆய்வாளருக்காகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் பெயர் ஜெபராணி. அதிகம் பேசாத அம்மாள். இரண்டு ஹெட்போனும் தோள்பையில் இருந்தன. கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டு, மைக்கைக் கூடத்தில் ஒட்டினார்.

“டைனமிக் கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரு பக்கமா நில்லுங்க. பேசாண்டாம்.”

முள் முப்பத்தெட்டில் நின்றது. ஜெபராணி பேனா மூடியைத் திறந்தார். முள் முப்பத்துமூன்றுக்கு வந்தது. மூடியைத் திரும்பப் போட்டார். இருபத்தேழு. வாசல் பக்கம் லேசாக வெளிச்சம் விழுந்தது. கீழ்ப்படிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பிறகு ஒரு சாண். ஒரு பூனை அதற்குள் புகுந்து கொல்லைப் பக்கமாக வெளியே போனது.

பிரமநாயகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கு வெல்லம் கரைவது போல் உள்ளே ஏதோ கரைந்து சுகமாக இருந்தது.

ஜெபராணி டைனமிக்கைக் கழற்றிவிட்டு, “படிவத்துக்கு அது. இது எனக்காக,” என்று பிளானரை மாட்டிக்கொண்டார். நீளமான வயரை இழுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் மைக்கை வைத்தார். தலையை ஆட்டினார். படுக்கை அறையில் வைத்தார். குளியலறையில் வைத்தார். எங்கும் ஒன்றும் இல்லை. கூடத்துக்கு வந்து, ஒரு டாக்டர் மாதிரி, மைக்கைப் பிரமநாயகத்தின் சட்டைப் பைக்கு மேலே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“வீட்டுக்குன்னு அடிச்சத்தம் கிடையாது சார். இது முழுக்க உங்களோடது. நீங்க பயந்துக்கிட்டு இருக்கிறதுதான் இத்தன நாளா வீட்டப் பிடிச்சு வச்சிருக்கு.”

“அப்படியா?” என்றார் பிரமநாயகம்.

“எனக்குத் தெரியும் மேடம்,” என்றாள் செண்பகவல்லி. “ஆறு வருசம் முன்ன, ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கையில இவுக ஆபீஸ்காரங்களோட குத்தாலம் போனாக. அருவியில நின்ன சந்தோசத்துல எல்லாத்தயும் மறந்துட்டாக போல. வீடு ஒரு முழம் மேல வந்துட்டு. நான் அசையாம உக்காந்திருந்தேன். சாயங்காலம் போன் போட்டு, கேஸ மூடினனான்னு கேட்டாக. கீழ வந்துட்டு. அன்னைலருந்து நானாத்தான் ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்கேன்.”

பின் கதவுத் தாழ்ப்பாள், மோட்டார் எல்லாம் வரிசையாகப் பிரமநாயகத்தின் நினைவுக்கு வந்தன. மற்ற நாளாக இருந்தால் அவர் கண் கலங்கியிருப்பார். அன்று, “ஓஹோ,” என்றார்.

ஜெபராணி வாசலில் குனிந்து ஸ்கேலை வைத்து அளந்தார். “ஓரடி ரெண்டங்குலம். ஒண்ணரை அடி தாண்டிட்டா நான் ‘மேல்’ன்னு எழுதியாகணும்.”

செண்பகவல்லி கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏங்க, கேஸ மூடினீயளா?”

“மூடியிருப்பேன்.”

“இஸ்திரிப் பெட்டி போட்டபடி இருக்கு.”

“இருக்கட்டும்.”

“நீங்க இன்னைக்கு லீவு. தென்காசி வண்டிய யாரு நேரம் பாத்து அனுப்புதா? மாத்தி எழுதிட்டாகன்னா?”

“ரெண்டு நிமிசம் முன்னப் பின்னப் போனா என்ன? பாத்துக்கலாம்,” என்றார் பிரமநாயகம். கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. முள் பத்தொன்பதுக்குப் போனது.

பக்கத்து வீட்டு ஜன்னலில் குருவம்மாள் தெரிந்தார். இவர்கள் வீடு ஏறிக்கொண்டிருந்ததால் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருந்தார். இடம் விடுவதுபோல ஜன்னல் திட்டில் காயவைத்திருந்த வற்றல் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். செண்பகவல்லி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்க்காமல், அந்த ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“விடுங்க மேடம். ‘மேல்’ன்னே எழுதிருங்க. எனக்கும் ஆறு வருசமா மேல போகணும்னு ஆசைதான். இவுக பயப்படுதாகளேன்னுதான் வாயத் திறக்கல. நான் போய்க் குருவக்கா கூட இருந்துக்கிடுதேன். இவுக கீழயே இருக்கட்டும்.”

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாத்திரைக்கு அடியில், மாத்திரை போய்ச் சேராத ஏதோ ஓர் இடத்தில், ஒரு தடவை இடித்தது. பிரமநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடி இடித்தது. வீடு படாரென்று தரையில் உட்கார்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டின. ஜெபராணி அவசரமாக மைக்கைத் தரையில் ஒட்டி, டைனமிக்கை மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

“அறுபத்தொண்ணு. இந்தத் தெருவுலயே இதுதான் அதிகம்.” ‘தரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்மலை மாட்டிக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வீடு தேறிவிட்டது. ‘தரை’ என்று எழுதிவிட்ட பிறகு அடுத்த ஆய்வு மாதம் வரை மேலே போகாது. பிரமநாயகம் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. அவரும் அன்று சாயங்காலம் மாத்திரையின் வேகம் தணிந்ததும் அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் சொன்னது வீட்டை இறக்குவதற்காகச் சொன்ன பொய்யா, நிஜமாகவே ஆறு வருஷம் மனசில் வைத்திருந்ததா என்பது தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான். பொய்தான் என்று அவள் சொன்னால், இன்னும் பயந்துவிடக் கூடாதே என்று சொல்கிறாளோ என்று தோன்றும். நிஜம் என்றால் அவரால் தாங்க முடியாது. அவர் கேட்கவில்லை. கேட்காமலே பக்கத்தில் படுத்து எழுந்தார். அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது, இந்தக் கால் நன்றாகிவிட்டால் போய்விடுவாளோ என்று நினைத்து, நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

பதிவேட்டில் மேலே போவதைப் பற்றித்தான் விதி உண்டு. கீழே போவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் பயந்த பயத்தின் கனத்தில், ஆனி மாதக் கடைசியில் வாசலின் கீழ்ப்படி மண்ணுக்குள் போனது. ஆடியில் இரண்டாம் படியும் போனது. செண்பகவல்லிக்கு அது சௌகரியமாக இருந்தது. சுவரைப் பிடிக்காமல் தெருவில் இறங்கி அங்கன்வாடிக்குப் போனாள். புரட்டாசியில் ஜன்னல் திட்டு தெருமட்டத்துக்கு வந்தது. ஒரு முக்காலி போட்டு ஜன்னல் வழியாகப் போய்வந்தாள். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரவில்லை, சுவரோடு மரியாதையாக ஒதுங்கி ஓடியது. பிரமநாயகம் ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களின் செருப்பைப் பார்த்து இன்னார் என்று தெரிந்துகொள்ளப் பழகினார். ஜெபராணி ஒரு நாள் வழியில் பார்த்தபோது, “இறங்குறதுக்குப் படிவம் இன்னும் அச்சடிக்கல சார்,” என்றார்.

தை பிறந்தபோது மொட்டை மாடி ரோட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்ட மாடி. அன்று அங்கன்வாடியிலிருந்து திரும்பிய செண்பகவல்லி, ரோட்டிலிருந்து நேராக மாடியில் நடந்து வந்து, உள்படிக்கட்டின் மேல்முனையில் நின்றாள். கீழே போகப் பன்னிரண்டு படி. குனிந்து பார்த்தாள். கால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது.

“நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்,” என்று கீழே பார்த்துச் சொன்னாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கட்டிலும் போட்டார்கள். ஆக, எதற்கு இத்தனை நாள் பயந்தாரோ அது நடந்துவிட்டது. அவள் மேலே, அவர் கீழே. அவரால் படி ஏற முடியும்தான், மூன்று வேளையும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஏறினார். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கேஸ் நினைவு வந்துவிடும். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே இருந்துவிடுவார். அவள் அண்ணாந்து குருவம்மாளோடு பேசுவது மட்டும் கேட்கும்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அவரால் தாங்க முடியவில்லை. மதார் பாயிடம் திரும்பவும் இரண்டு ஹெட்போனையும் இரவல் வாங்கிவந்தார். நாற்காலி மேல் ஏறி, மைக்கைக் கூரையில் ஒட்டினார். டைனமிக்கில் தன்னுடைய தும் தும் பெரிதாகக் கேட்டது. அதோடு மேலே அவள் நடப்பதும் கேட்டது. நல்ல கால் ஒரு மாதிரி, மற்ற கால் ஒரு மாதிரி. அவர் டைனமிக்கைக் கழற்றிவிட்டுப் பிளானரை எடுத்தார். ஒரு நிமிஷம் யோசித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டினார். முள் தெரியவில்லை. கூடமே மங்கலாக இருந்தது. படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“செண்பகம், அன்னைக்கு அந்த அம்மாகிட்ட நீ சொன்னது நெசமா?”

மேலே நடை நின்றது.

பிளானரில் அவருடைய சத்தம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. அதற்கு அடியில், முன்பு ஒன்றும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த இடத்தில், இன்னொன்று கேட்டது. ரொம்பக் கீழே, ரொம்ப மெதுவாக. நெஞ்சில் இடிக்கவில்லை. கூரை வழியாக இறங்கி, சுவர் வழியாக, அவர் நின்ற நாற்காலியின் காலுக்கு வந்து சேர்ந்தது. அவர் டைனமிக்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். அதில் அவருடையது மட்டும்தான். மறுபடி பிளானரை வைத்தார். இரண்டும் இருந்தன. அவளும் பயந்துபோய்த்தான் நின்றுகொண்டிருந்தாள். இதை எத்தனை மாதம் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்ததும் பிரமநாயகத்துக்கு அழுகை வந்தது.

“கேஸ மூடினீயளா?” என்று மேலே இருந்து அவள் கேட்டாள். குரல் வழக்கம்போல் இல்லை.

அவர் அடுப்படியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கேஸ் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியவில்லை.

“தெரியல,” என்றார்.

“அப்ப மேல வாங்க.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, அடுப்படிப் பக்கம் போகாமல், படி ஏறினார். பன்னிரண்டு படி ஏறியும் மாடி வரவில்லை. அதுவரை இல்லாத இன்னொரு படி இருந்தது. அதையும் ஏறினார். செண்பகவல்லி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்று, தொட்டிமேல் இருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை.

அப்போது பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு பஸ் ரோட்டிலிருந்து திரும்பி மாடிக்குள் வந்து, கொடியில் காய்ந்த புடவைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. செண்பகவல்லி புடவையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தாள். இருவரும் ஓரமாக நகர்ந்து நின்றார்கள். பஸ் அவர்களைக் கடந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கமாக இறங்கி ரோட்டில் சேர்ந்தது. பிரமநாயகம் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தென்காசி வண்டி. ரெண்டு நிமிசம் லேட்டு.”

“இருக்கட்டும்,” என்றாள் செண்பகவல்லி.